மறந்துபோன பயாஸ் கடவுச்சொல்: மாற்றுச் சாவி யாரிடம் இருக்கலாம்?

மடிக்கணினியை இயக்கியதும், விண்டோஸ் தலைகாட்டுவதற்கு முன்பே ஒரு பூட்டுப் படம் தோன்றிக் கடவுச்சொல் கேட்டால், கேட்பது பெரும்பாலும் பயாஸ்தான். அது மறந்துபோனவர்களுக்கு இன்றும் சொல்லப்படும் வைத்தியம் ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டு, எல்லாம் சரியாகிவிடும். இது பொய்யல்ல, காலாவதியான உண்மை. 1984இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியில் மோட்டோரோலா தயாரித்த கடிகாரச் சிப் ஒன்று இருந்தது. அதன் நினைவகம் 64 பைட். கடிகாரத்துக்கு 14 பைட் போக, மீதியில் கணினியின் அமைப்புகள் பதிவாகின. மின்சாரம் நின்றால் அத்தனையும் அழியும் என்பதால்தான் பேட்டரி. பின்னால் வந்த மேசைக் கணினிகளில் பல, கடவுச்சொல்லையும் இதே வகை நினைவகத்தில் வைத்தன. பேட்டரி போனால் கடவுச்சொல்லும் போயிற்று. போதாக்குறைக்கு, பயாஸ் எழுதிய நிறுவனங்கள் பொதுக் கடவுச்சொற்களையும் விட்டுவைத்திருந்தன. அவார்டு பயாஸ் பலவற்றில் அந்த நிறுவனத்தின் பெயரோடு ஓரிரு எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினாலே கதவு திறந்துவிடும்.

மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கடினம். மடிக்கணினியை யாரும் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். ஆகவே கடவுச்சொல், மின்சாரம் இல்லாவிட்டாலும் எதையும் மறக்காத சிப்புகளுக்குக் குடிபெயர்ந்தது. திங்க்பேட் மடிக்கணினிகளின் கையேட்டில் இதன் விளைவு ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது: சூப்பர்வைசர் கடவுச்சொல்லை மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும், வாங்கிய ரசீதைக் காட்ட வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. படிப்பவருக்குக் கோபம் வருவது இயல்பு. சொந்தக் காசில் வாங்கிய பொருளுக்கு இப்படி ஒரு தண்டனையா? ஆனால் இயந்திரத்தின் இடத்திலிருந்து யோசித்தால், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மறதிக்காரரா திருடரா என்று அறிய அதற்கு வழியே இல்லை. உரிமையாளர் வீட்டில் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய எந்த விடுவிப்பையும் திருடரும் தம் வீட்டில் உட்கார்ந்தபடி செய்வார். வீட்டு வைத்தியம் பலிக்காமல் இருப்பதே இந்தப் பூட்டுக்கு லட்சணம்.

அப்படியானால் தயாரிப்பாளராவது ஒரு மாற்றுச் சாவி வைத்திருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. சில நிறுவனங்கள் வைத்துத்தான் பார்த்தன. தவறான கடவுச்சொல்லைச் சில முறை அடித்தால் திரையில் ஓர் எண் தோன்றும். அதைச் சொன்னால் சேவை மையம் கணக்குப் போட்டு மாற்றுக் கடவுச்சொல் தரும். சிக்கல் என்னவென்றால், அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வழிமுறை ஒவ்வொரு கணினியின் பயாஸுக்குள்ளேயே இருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படிக்கு மேல் செருகிவிட்டுப் போன கதைதான். பயாஸைப் பிரித்துப் படித்தவர்கள் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். பல பிராண்டுகளின் பழைய மாடல்களுக்கு விடை சொல்லும் இலவச நிரல்கள் பரவின. விற்றுப்போன லட்சக்கணக்கான கணினிகளிலிருந்து அந்த ரகசியத்தைத் திரும்பப் பெற முடியுமா?

மாற்றுச் சாவி வைத்தது பிழையல்ல, அதைப் பூட்டுக்குள்ளேயே வைத்ததுதான் பிழை. ஆப்பிள் நிறுவனம் இன்டெல் சிப் கொண்ட மேக் கணினிகளில் வேறு வழியில் போனது. அசல் ரசீதோடு நேரில் வந்தால், அந்த ஒரு கணினிக்கு மட்டும் செல்லுபடியாகும் கோப்பு ஒன்றை டிஜிட்டல் கையொப்பமிட்டுத் தயாரித்துப் பூட்டை நீக்குகிறார்கள். கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் மட்டுமே கணினியில் இருக்கிறது. கையொப்பமிடும் திறவுகோல் நிறுவனத்திடம். பயாஸை எவ்வளவு கிண்டினாலும் அது கிடைக்காது. போலி ரசீது காட்டி ஏமாற்றலாமே என்றால், ஏமாற்றலாம். ஆனால் ஒரு ரசீதுக்கு ஒரு கணினிதான் திறக்கும். நல்ல மதர்போர்டு ஒரு சொல்லுக்காகக் குப்பைக்குப் போகிறது என்ற ஆட்சேபத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. அந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். கண்டிப்பாக இருப்பதற்குப் பலகையைப் பலிகொடுக்கத் தேவையில்லை.

சிப்பின் மேல் கிளிப்பை மாட்டி எழுதும் கருவி மலிவாகக் கிடைக்கும்போது எல்லாமே வீண்தானே என்பாரும் உண்டு. சில மாடல்களில் அது நடக்கிறது. ஆனால் கணினியைப் பிரிக்க வேண்டும், சிப்பை அடையாளம் காண வேண்டும், தவறாக எழுதினால் பலகை செத்துவிடும். உணவு இடைவேளையில் அடுத்தவர் மேசையில் செய்துமுடிக்கும் வேலையல்ல அது. பென் டிரைவிலிருந்து பூட் செய்வதையும், செக்யூர் பூட் அமைப்பை அணைப்பதையும் தடுப்பதே பயாஸ் கடவுச்சொல்லின் வேலை. அதற்கு இந்தத் தடை போதும்.

கோப்புகளைக் காப்பது அதன் வேலையே அல்ல. குறியாக்கம் செய்யப்படாத எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு இன்னொரு கணினியில் செருகினால் படங்களும் ஆவணங்களும் அப்படியே திறக்கும். மறந்தவருக்கு ஆறுதல், தொலைத்தவருக்கு ஆபத்து. ஹார்ட் டிஸ்க் கடவுச்சொல் என்று தனியாக ஒன்றை வைத்திருந்தால் கதை வேறு. அது டிஸ்க்கிலேயே பதிவாகியிருப்பதால் எங்கே செருகினாலும் கூடவே வரும். பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதன் திறவுகோலைக் காக்கும் டிபிஎம் மதர்போர்டோடு பிணைந்தது. பலகையை மாற்றி, பணத்தையும் கட்டி, வீட்டுக்கு வந்து இயக்கியதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று கணினியைச் சேவை மையத்தில் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.