கடற்புல்லில் வாழும் குட்டிக் கணவாய்

கணவாய் என்றதும் வலையில் ஏறி நல்ல விலை போகும் சரக்கே நம் கடற்கரை மக்களின் நினைவுக்கு வரும். சந்தைக்கு வாராத கணவாய் ஒன்றைப் பற்றி இங்குக் கூற விழைகிறோம். ஜப்பானியக் கரையோரக் கடற்புல் திடல்களில் வாழும் இதனை அந்நாட்டார் 'ஹிமே இகா', அதாவது இளவரசிக் கணவாய் என்று அழைக்கின்றனர். ஆர்ட்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1888-ஆம் ஆண்டில் இதனை விஞ்ஞான உலகுக்கு அறிவித்தார். கைகளை நீக்கி அளந்தால் பெண்ணின் உடல் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். ஆண் அதனினும் சிறியது. புளியங்கொட்டை அளவென்று கொள்ளலாம்.

கடற்புல் வேறு, கடற்பாசி வேறு. கடற்புல் மண்ணில் வேரூன்றிப் பூத்து விதை தரும் செடியாகும். இக்கணவாயின் முதுகில் பசை சுரக்கும் சுரப்பி ஒன்று உண்டு. அதனால் புல்லின் தாளில் முதுகை ஒட்டிக்கொண்டு அசைவின்றி இருக்கும். சிறு இறால் நெருங்கியதும் பாய்ந்து பற்றும். ஓட்டை உடைப்பதில்லை. வாயை உள்ளே நுழைத்துச் சீரண நீரைச் செலுத்தி, கரைந்த சதையை மட்டும் உண்டு, கூட்டைச் சிதையாமல் விட்டுவிடும். சிலந்தியின் வழக்கத்தை ஒத்த செயல் இது. பிற கணவாய்கள் தப்பிக்க உமிழும் மையை இது வேட்டைக்கும் பயன்படுத்துவதை 2016-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். முட்டையிடுவதும் அதே புல்லின் மேல்தான். ஆயுளோ ஏறத்தாழ 5 மாதம், ஒரு சம்பாப் பயிரின் காலம். ஆகவே புல் ஒரு பருவம் அழிந்தாலும் அடுத்த தலைமுறைக்கு இடமில்லை.

புல் அழிவது எங்ஙனம்? கலங்கிய நீரில் ஒளி அடிமண்ணை எட்டாது. வயலிலிருந்து வழியும் உரச் சத்தும் ஊர்ச் சாக்கடையும் மிதக்கும் பாசியைப் பெருக்கி நிழல் கவியச் செய்யும். கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் ஒரு காரணமே. ஜப்பானில் ஓகயாமா மாநிலத்து ஹினாசே என்னும் ஊரில், முன்பு சுமார் 590 ஹெக்டேர் பரவியிருந்த கடற்புல் 1985-இல் 12 ஹெக்டேராகக் குறுகிற்று. மீன்வளமும் உடன் குன்றியது. அவ்வாண்டே அவ்வூர் மீனவர் விதைப்பில் இறங்கினர். பூத்த தண்டுகளைக் கோடையில் சேகரித்து, வலைப் பைகளில் இட்டுக் கடலிலேயே தொங்கவிட்டு, முற்றிய விதைகளை இலையுதிர் காலத்தில் தூவினர். அடிமண் இளகிய இடங்களில் சிப்பி ஓடுகளையும் பரப்பினர். விதைத்தவை பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியும்படி பலன் தரவில்லை. எனினும் அவர்கள் கைவிடாதது வியப்பிற்குரியது. சுமார் 30 ஆண்டுகளில் பரப்பு 250 ஹெக்டேர் அளவுக்கு மீண்டது.

நம் பாக் விரிகுடாவிலும் பரந்த கடற்புல் திடல்கள் உள்ளன. ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்வது இங்கேதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழக அரசு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அக்கரையோரப் பஞ்சாயத்துகள் தம் வாய்க்கால்களும் சாக்கடைகளும் கடலில் கலக்குமிடத்தை ஒருமுறை நேரில் சென்று பார்த்து, நீர் எவ்வளவு கலங்கலாக இறங்குகிறது என்பதை அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்.