பாஞ்சோ தந்தி போட்ட கிடார்

எர்னஸ்ட் டப் என்ற டெக்சஸ் பாடகருக்கு 1940களின் தொடக்கத்தில் ஒரு புகார் வந்ததாகச் சொல்வார்கள். புகார் சொன்னவர்கள் ஜூக்பாக்ஸ்காரர்கள். காசு போட்டால் இசைத்தட்டைச் சுழற்றிப் பாடும் பெட்டிகளை மதுக்கடைகளில் வைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். பிற்பகலில் கடை வெறிச்சோடிக் கிடக்கும்போது உங்கள் பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. பொழுது சாய்ந்து கூட்டம் சேர்ந்துவிட்டால் கிடார் காதிலேயே விழுவதில்லை என்றார்களாம். டப் 1941-இல் 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ' பாட்டைப் பதிவு செய்யப் போனபோது மின்சார கிடார் வாசிப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். பாட்டு பெரிய வெற்றி பெற்றது.

அந்தக் கடைகளுக்குப் பெயர் ஹாங்கி-டாங்க். அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கியபின், டெக்சஸ் எண்ணெய் வயல்களை ஒட்டி இவை ஏராளமாக முளைத்தன. வேலை முடிந்து வருபவர்கள் குடிப்பார்கள், ஆடுவார்கள், உரக்கப் பேசுவார்கள். கன்ட்ரி என்ற அமெரிக்க இசைவகையின் ஒரு கிளை இந்த இரைச்சலுக்குள்ளேயே பிறந்து அதன் பெயரையே சூடிக்கொண்டது. மனிதப் பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி விநாடிக்கு 1,000 அதிர்வுகளுக்குக் கீழேதான் இருக்கிறது. மரக் கிடாரின் ஒலியில் பெரும்பங்கும் அதே இடத்தில்தான். இரண்டும் ஒரே கதவில் நுழையப் பார்த்தால் கூட்டம்தான் ஜெயிக்கும்.

வழி திறந்தவர் கிடார் வாசிக்கத் தெரியாத ஒருவர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1950-இல் உள்ளே குடைவில்லாத கனத்த மரப்பலகையில் ஒரு மின்சார கிடாரைச் செய்து விற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதற்கு டெலிகாஸ்டர் என்ற பெயர் நிலைத்தது. அதன் ஒலியைப் பிடிக்கும் உறுப்பு பிக்கப். தந்திக்கு ஒன்றாக ஆறு சிறு காந்தங்கள். அவற்றைச் சுற்றி, தலைமுடியைவிடச் சற்றே மெல்லிய செப்புக்கம்பி பல ஆயிரம் சுற்றுகள். பிரித்து நீட்டினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரும். அவ்வளவு சிறிய ஓர் உறுப்புக்குள் அத்தனை கம்பி!

பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. எஃகுத் தந்தி காந்தத்தின் அருகே இருப்பதால் தானும் லேசாகக் காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் மாறுகிறது. புலம் மாறினால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். அனல் மின்நிலையத்தின் ஜெனரேட்டரிலும் இதே விதிதான் வேலை செய்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் கிடைக்கும். ஆகவே வேகமான அதிர்வுகளுக்கு, அதாவது உயர்ந்த சுரங்களுக்கு, பிக்கப் கூடுதல் சலுகை தருகிறது.

அடுத்தது, பிக்கப்பை எங்கே பொருத்துவது என்ற கேள்வி. மீட்டிய தந்தி ஒரே சுரத்தில் மட்டும் அதிர்வதில்லை. முழு நீளமும் ஆடும் அடிப்படைச் சுரத்தோடு, பாதியாக, மூன்றில் ஒன்றாக, நான்கில் ஒன்றாகப் பிரிந்து ஆடும் மேற்சுரங்களும் கலந்திருக்கும். டெலிகாஸ்டரின் ஒரு பிக்கப் குதிரையை, அதாவது தந்தியைத் தாங்கும் கட்டையை, நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. தந்தியின் நீளம் 65 செ.மீ. குதிரையிலிருந்து 4 செ.மீ. தள்ளிப் பார்த்தால், அடிப்படைச் சுரத்தின் ஆட்டம் தந்தியின் நடுவில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். எட்டில் ஒன்றாகப் பிரிந்து ஆடும் அதிர்வோ அதே இடத்தில் உச்சத்தில் இருக்கிறது. அடிச்சுரம் அடங்குகிறது, கூர்மை மேலே வருகிறது.

கிடாரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் சாதாரணக் கேபிளுக்கும் இதில் பங்குண்டு. பிக்கப்பின் சுருளும் கேபிளின் மின்தேக்கும் குணமும் சேர்ந்து ஒரு ஒத்ததிர்வுச் சுற்றாகின்றன. குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை மட்டும் அது தூக்கிக் காட்டும். டெலிகாஸ்டரில் இது பெரும்பாலும் விநாடிக்கு 3,000 அதிர்வுகளை ஒட்டி அமைகிறது. நம் காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒருபக்கம் மூடியது. அதுவும் 3,000-ஐ ஒட்டித்தான் ஒத்ததிர்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்த வட்டாரத்தில்தான். கேபிளை நீளமாக்கினால் இந்த உச்சம் கீழே இறங்கிவிடும் என்பதால் வாசிப்பவர்கள் கேபிள் நீளத்தைக்கூடக் கவனிப்பார்கள்.

இந்தக் கருவி லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஒரு பையன் கைக்கு வந்தது. பெயர் ஜேம்ஸ் பர்ட்டன், பிறப்பு 1939. பதின்மூன்று வயதில் பெற்றோர் டெலிகாஸ்டர் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஊரின் கே.டபிள்யூ.கே.ஹெச். வானொலி 'லூசியானா ஹேரைட்' என்ற நேரடி நிகழ்ச்சியை ஒலிபரப்பிவந்தது. அதன் மேடையில் வந்துபோகும் பாடகர்களுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசிக்கும் குழுவில் பதின்ம வயதிலேயே அவர் சேர்ந்துவிட்டார். 1957-இல் டேல் ஹாக்கின்ஸ் பாடிய 'சூசி க்யூ' வெளியானபோது பர்ட்டனுக்கு வயது 17. அந்தப் பாட்டை இன்றும் அடையாளம் காட்டுவது அவருடைய கிடார் துணுக்குதான். ஆனாலும் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பின்னர் கலிஃபோர்னியா போய்ப் பாடகர் ரிக்கி நெல்சனின் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில்தான் அவர் தந்திகளை மாற்றிப் பார்த்தார். அப்போது கடையில் கிடைத்த கிடார் தந்திகள் தடித்தவை. மேல்பக்கத் தந்திகளைக் கழற்றிவிட்டு, பாஞ்சோ என்ற நாட்டுப்புறக் கருவிக்கான மெல்லிய தந்திகளைப் பூட்டினார். கேட்க அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்துவது நம் வீணைக்காரர்களுக்குப் பழகிய வேலை. கிடாரில் ஒரு முழுச்சுரம் உயர்த்த, அதிர்வெண் 12 சதவீதம் ஏறவேண்டும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், இழுவிசை 26 சதவீதம் ஏறியாக வேண்டும். 0.33 மி.மீ. தடிமனுள்ள முதல் தந்தி, சுருதி சேர்த்த நிலையில் பன்னிரண்டரை கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல விறைத்து நிற்கும். அதை முழுச்சுரம் உயர்த்த இன்னும் மூன்றே கால் கிலோ இழுவிசை ஏற்றவேண்டும். 0.23 மி.மீ. தந்திக்கு அதே சுருதியில் ஆறு கிலோதான். கூடுதலாக ஏற்றவேண்டியது ஒன்றரை கிலோ. தடிமனில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்ததற்கு விரலின் சுமை பாதியாகிவிட்டது.

மெல்லிய தந்தியைக் குறைந்த தூரம் இழுத்தால் போதும் என்று தோன்றும். அப்படியில்லை. தூரம் அதேதான், எதிர்ப்பு மட்டுமே குறைகிறது. தூரம் மாறுவது மூன்றாவது தந்தியில். பழைய தந்திக்கட்டுகளில் மூன்றாவது தந்தி, மெல்லிய எஃகு நடுக்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிச் செய்தது. சுற்றியிருக்கும் கம்பி எடையைக் கூட்டுகிறது. ஆனால் நீட்டும்போது எதிர்ப்பது நடுக்கம்பி மட்டுமே. அதனால் எவ்வளவு தள்ளினாலும் சுரம் சோம்பலாகத்தான் ஏறும். சுற்றில்லாத வெறும் எஃகு அங்கே வந்ததும், அதுவரை முரண்டுபிடித்த தந்தி விரலுக்கு வளைந்து கொடுத்தது.

இதனால் என்ன லாபம்? ஹாங்கி-டாங்க் இசையின் அழுகைக்குரல் பெடல் ஸ்டீல் என்ற கருவியுடையது. மேசைபோல நிற்கும் அதன் தந்திகளின் மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள்; காலால் பெடலை மிதித்தால் ஒரு தந்தி மட்டும் சுருதி ஏறும், மற்றது அசையாமல் நிற்கும். ஒரு சுரம் நகர, இன்னொன்று நிற்க, அந்த உரசலில்தான் ஏக்கம் பிறக்கிறது. பெடலே இல்லாத கிடாரில் பர்ட்டன் இதை விரலால் செய்துகாட்டினார்: ஒரு விரல் மேல் தந்தியை அழுத்தி நிறுத்தும், இன்னொரு விரல் கீழ் தந்தியை இழுத்து ஏற்றும். 1960களின் பிற்பகுதியில் ரால்ஃப் மூனி என்ற பெடல் ஸ்டீல் மேதையோடு 'கார்ன் பிக்கின் அண்ட் ஸ்லிக் ஸ்லைடின்' என்ற தட்டை வெளியிட்டார். இரு கருவிகளும் ஒன்றையொன்று பாவனை செய்து விளையாடும் தட்டு அது. ஏறத்தாழ அதே காலத்தில் கிளாரன்ஸ் வைட், ஜீன் பார்சன்ஸ் என்ற இருவர் வேறு வழி கண்டார்கள். கிடாரைக் கீழே அழுத்தினால் தோள்வாரோடு இணைந்த நெம்புகோல் இரண்டாவது தந்தியை ஒரு முழுச்சுரம் ஏற்றிவிடும். அருமையான இயந்திரம்தான். எனக்கென்னவோ வெறும் விரலின் ஏற்ற இறக்கம்தான் இனிக்கிறது. ஒவ்வொரு முறையும் அது இம்மி பிசகி வருகிறது.

வலது கையில் இன்னொரு சூழ்ச்சி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தட்டையான பிக், அதாவது தந்தியை மீட்டும் சிறு வில்லை. நடுவிரல் நுனியில் மாட்டிய இன்னொரு பிக். முதலாவது, அமுக்கி வைத்த தந்தியைத் தட்டும். சுரமே இல்லாத ஒரு 'டிக்' மட்டும் எழும். மறுகணமே நடுவிரல் தந்தியைக் கிள்ளி விடும். அது கழுத்துப்பலகையில் அறைந்து துள்ளும். இரண்டும் சேர்ந்தால் முட்டையிடப் போகும் கோழியின் கொக்கரிப்பு. கிடார்காரர்கள் இதை 'சிக்கன் பிக்கிங்' என்பார்கள். வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். பேச்சைப் புரியவைப்பதில் மெய்யெழுத்துகளின் குறுகிய வெடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு வெடிப்பு வைத்தால், கிடார் வாக்கியம் பேசுவதுபோலவே கேட்கிறது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் கேட்க கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டின் பதிவுகளுக்குப் போகவேண்டும். 1968-இன் 'மாமா ட்ரைட்', 1969-இன் 'வொர்க்கின் மேன் ப்ளூஸ்' இரண்டிலும் ஹாகர்டின் குழுவினரோடு பர்ட்டனின் வாசிப்பும் இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியோடு 1969 முதல் 1977 வரை மேடையேறிய பர்ட்டனைத்தான் உலகம் அதிகம் அறியும். மாங்காய் டிசைன் போட்ட இளஞ்சிவப்பு டெலிகாஸ்டரோடு அவர் நிற்கும் படங்கள் அந்தக் காலத்தவைதான். எனக்கு அந்த மேடைகளில் ஆள்கூட்டம் அதிகம், கிடார் அடிபட்டுப்போகிறது. ஹாகர்டின் பாட்டில் கிடாருக்குத் தனியாகக் கிடைப்பது பெரும்பாலும் இருபது விநாடிக்குள்தான். அந்த நெருக்கடியே நல்லதாயிற்று. வீண் சுரத்துக்கு இடமில்லை.

ஹாகர்டின் பாட்டுகள் பலவும் பதிவான ஹாலிவுட் காபிடால் ஸ்டுடியோவில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 30 அடி ஆழத்தில் கான்கிரீட் அறைகள் இருக்கின்றன. ஒரு ஸ்பீக்கரும் மைக்கும் தவிர உள்ளே ஒன்றும் கிடையாது. மேலே பாடியதைக் கம்பி வழியே கீழே அனுப்பி, வெற்றுச் சுவர்களில் மோதவிட்டு, எதிரொலியோடு மீண்டும் மேலே எடுத்து அசலோடு கலப்பார்கள். கேட்பவருக்குப் பாட்டைச் சுற்றி ஒரு கூடம் விரிந்ததுபோல இருக்கும்.

கிராம் பார்சன்ஸ் என்ற இளைஞர் கன்ட்ரியையும் ராக்கையும் இணைக்க முயன்றபோது தேடிப்போனதும் பர்ட்டனின் கையைத்தான். 1973-இல் வந்த 'ஜி.பி.', அவர் இறந்தபின் 1974-இல் வந்த 'கிரீவஸ் ஏஞ்சல்' இரண்டிலும் பர்ட்டன் வாசித்திருக்கிறார். பார்சன்ஸோடு பாடிய எமிலு ஹாரிஸ் பிறகு தனிக் குழு அமைத்தபோது, எல்விஸ் கச்சேரி இல்லாத நாள்களில் பர்ட்டன் அங்கேயும் வந்து வாசித்தார்.

பாஞ்சோ தந்தியைத் தேடி அலையும் வேலையும் சீக்கிரமே முடிந்துபோனது. கலிஃபோர்னியாவில் கிடார்க் கடை வைத்திருந்த எர்னி பால், தடித்த மூன்றாவது தந்தியோடு புதிய மாணவர்கள் மல்லுக்கட்டுவதைக் கவனித்துவந்தார். மெல்லிய கட்டு தயாரிக்கும்படி ஃபெண்டர் நிறுவனத்தைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1962 வாக்கில் தானே ஆள் பிடித்துச் செய்வித்து 'ஸ்லிங்கி' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். இன்று ஃபெண்டரின் புது மின்சார கிடார்கள் பெரும்பாலும் 0.23 மி.மீ. முதல் தந்தியோடும் சுற்றில்லாத மூன்றாவது தந்தியோடும்தான் ஆலையை விட்டு வெளியே வருகின்றன.