“பிரமண்டேசன்னா என்னாங்க ஐயா?”

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர் என் தாத்தா. அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் தமிழாகிப்போன ஆங்கிலம். ‘பரேட்’ பெரட்டானது, ‘லைன்’ லயமானது. இவற்றுக்கெல்லாம் அவர் யாரிடமும் பொருள் கேட்டதில்லை. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் கிராணியிடம் போய் நின்றாராம்.

“பிரமண்டேசன், பிரமண்டேசன்னு பேசிக்கிறாங்களே, அப்படின்னா என்னாங்க ஐயா?”

“தோட்டத்தக் கூறு போட்டு விக்கிறாங்க. இதுவரைக்கும் ஒனக்கு ஒரு தொர. இனி அம்பது மொதலாளி. அதுல எவனும் ஒனக்கு வேல குடுக்க மாட்டான்.”

‘பிராக்மென்டேஷன்’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

ஐம்பதுகளில் மலாயாத் தோட்டங்களைப் பிடித்த நோய் அது. 1948இல் தொடங்கிய அவசரகாலம் ஒரு பக்கம், 1957இல் வரவிருந்த சுதந்திரம் இன்னொரு பக்கம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, நல்ல விலை கிடைத்தபோதே கையைக் கழுவிக்கொள்ளப் பார்த்தன. தரகர்கள் மொத்தமாக வாங்கினார்கள், ஐந்து ஏக்கர் பத்து ஏக்கராகச் சில்லறைக்கு விற்றார்கள். லாபம் அந்தச் சில்லறையில்தான். துண்டை வாங்கியவர் குடும்பத்தோடு தானே மரம் வெட்டிக்கொள்வார், அல்லது குத்தகைக்கு விடுவார். நூறு ஏக்கருக்குக் கீழே போய்விட்டால் கணக்கில் அது தோட்டமே இல்லை, சிறுதோட்டம். அப்படியானால் லயம் யார் பங்கில் விழும்? ஆயாக் கொட்டகை? தமிழ்ப்பள்ளி? கோயில்? மரத்தை எண்ணிப் பிரிக்கலாம், மாரியம்மனை எப்படிப் பிரிப்பது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலாயாவில் ரப்பரை முதன்முதலில் தோட்டப் பயிராக, வியாபாரத்துக்கென்று நட்டது, தாத்தாவின் தோட்டம் இருந்த இதே மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வைத்த மரங்கள் அவை.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பொருளியலில் இரண்டு சொற்கள் உண்டு. ஒரு நிலத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வது ‘சப்டிவிஷன்’, அதாவது உட்பிரிவு. ஒருவருடைய நிலமே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பது ‘பிராக்மென்டேஷன்’. அந்தக் கணக்குப்படி நம் தோட்டங்களில் நடந்தது முதல் வகை. பேராசிரியர் உங்கு அசிஸ் 1962இல் வெளியிட்ட பெரிய ஆய்வறிக்கையின் தலைப்பிலும் ‘சப்டிவிஷன்’தான் இருக்கிறது. தொழிற்சங்கத்துக்காரர்களும் தோட்டத்து மக்களும் அதை ஏற்கவில்லை. ‘உட்பிரிவு’ என்றால் ஏதோ சர்வேயர் கோடு கிழித்த மாதிரி இருக்கிறது. சிதறிப்போனது நிலம் மட்டும் அல்லவே.

தமிழில் அதற்கு வழங்கிய சொல் துண்டாடல். ‘துண்டாதல்’ என்றில்லை, கவனியுங்கள். துண்டாதல் தானாக நடப்பது, மண்சட்டி விழுந்து உடைவதுபோல. துண்டாடல் என்றால் கையில் கத்தியோடு ஒருவன் இருக்கிறான். ஆங்கிலச் சொல்லில் அந்த ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. என்னைக் கேட்டால், மூலத்தை விஞ்சிய மொழிபெயர்ப்பு இது என்பேன்.

துண்டாடலுக்கு எதிராக அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது. பிற்பாடு சட்டமும் விழித்துக்கொண்டது. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தாத்தாவின் தோட்டத்துக்கு அது காலம் கடந்த மருந்து. அவர் அதற்குள் டவுனுக்கு வந்து மரக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகின்றன. லயத்துக்கு வரும் வக்கீல் கடிதத்தில் சொல்லும் மாறிவிட்டது: ‘வேகண்ட் பொசஷன்’. நிலத்தைக் காலியாக ஒப்படைப்பது என்று பொருள். காலி செய்ய வேண்டியவர் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர். உங்கள் பாட்டிக்கோ மாமாவுக்கோ அப்படி ஒரு தாள் வந்தால், கையெழுத்துக்கு முன்னால் யாரிடமாவது கொண்டுபோய், “இதுக்கு என்னாங்க ஐயா அர்த்தம்?” என்று கேட்டுவிடுங்கள்.