சொந்த மண்டலம் இல்லாத அத்தியட்சர்கள்

மெரினாக் கடற்கரையில் சிலையாக நிற்கும் கால்டுவெல் யார் என்று கேட்டுப் பாருங்கள். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். அவர் ஓர் உதவி அத்தியட்சர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்நாளில் சென்னை ஆங்கிலிக்கன் அத்தியட்சரின் தலைமைக் கோயில், கதீட்ரல் சாலைக்கே பெயர் தந்த பரிசுத்த ஜார்ஜ் ஆலயம். அவருடைய ஆளுகையோ திருநெல்வேலி வரை நீண்டது. திடப்படுத்தல் சடங்கானாலும் குருப்பட்டமானாலும் அத்தியட்சர் கை பட்டே ஆகவேண்டும். அத்தனை தூரம் ஒருவரே எத்தனை முறை போய் வருவார்?

ஆகவே 1877-ல் இடையன்குடி கால்டுவெல்லுக்கும், பாளையங்கோட்டை சார்ஜெண்ட்டுக்கும் கல்கத்தாவில் அபிஷேகம் நடந்தது. ஒரு ஜில்லாவுக்கு இருவர் எதற்கு? அங்கேதான் இருக்கிறது சமாசாரம்! திருநெல்வேலியில் இரண்டு மிஷன் சங்கங்கள் வேலை செய்துவந்தன. சங்கத்துக்கு ஒருவர்!

அங்கி உண்டு, அபிஷேகம் உண்டு. தனி மண்டலம் மட்டும் இல்லை. தலைவர் சென்னையிலிருந்த கெல் அத்தியட்சர்தான். சார்ஜெண்ட் 1889-லும், கால்டுவெல் 1891-லும் காலமானார்கள். திருநெல்வேலி தனி மண்டலமானது 1896-ல். பாடுபட்ட இருவரும் அதைப் பார்க்கவில்லை.

கத்தோலிக்கருக்குள் இவரைத் துணை ஆயர் என்பார்கள். என்றோ மறைந்த ஒரு பழைய மறைமாவட்டத்தின் பெயரைப் பட்டமாகச் சூட்டுவார்கள். மந்தையில்லாத மேய்ப்பர்! ஆயர் பதவி காலியானால் தாமாகவே அதில் அமரும் உரிமையும் இவருக்குக் கிடையாது. சாந்தோம் தேவாலயத்தைத் தலைமையாகக் கொண்ட சென்னை–மயிலை உயர் மறைமாவட்டத்தில் 1998 முதல் துணை ஆயராக இருந்த லாரன்ஸ் பயஸ், 2012-ல்தான் தர்மபுரிக்கு ஆயராகப் போனார்.