தற்காப்புக்காகத் துப்பாக்கி சுட்டவர்க்கு நேரும் சட்ட விளைவுகள்

பயிர்க்காவலுக்கென்றும் உயிர்க்காவலுக்கென்றும் துப்பாக்கி லைசென்ஸ் பெற்றுள்ள மிராசுதார்களிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. தம் நிலத்தில் புகுந்த திருடனைச் சுட்டுவிட்டால் சட்டம் தம்மை ஒன்றும் செய்யாது என்பதே அவ்வெண்ணம். இது முழுப் பொய்யன்று. ஆனால் இந்தப் பாதி மெய்யை நம்பிச் சுட்டவர் சிலர் ஆயுள் முழுதும் சிறையில் கழிக்க நேர்ந்திருக்கிறது. லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ளத் தந்த அநுமதியே யாகும். அதனால் மனிதர்மேல் பிரயோகிக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடுவதில்லை.

அவ்வுரிமையைத் தருவது வேறு சட்டம். 1860-ஆம் வருஷத்திய இந்தியன் பீனல் கோடின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இது கூறப்பட்டிருந்தது. 2024-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த பாரதீய நியாய ஸன்ஹிதையில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அவ்விதிகளையே பெரும்பாலும் கூறுகின்றன. உடலையும் சொத்தையும் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. எனினும் அவசியத்திற்கு மேற்பட்ட தீங்கு செய்யக்கூடாது. ஸர்க்கார் அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இவ்வுரிமை எழாது. வரப்புத் தகராறில் எதிர்க்கட்சியார் நாளை ஆள் கூட்டி வருவார்கள் என்று முதல் நாளே தெரிந்தும், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாமல் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்து வைத்துக் காத்திருந்தவர் தற்காப்புப் பேசுவது கடினம்.

சொத்தைக் காக்கும் உரிமை உயிரைப் போக்கும் அளவுக்கு எப்பொழுது நீளும் என்பதே விவசாயிகள் ஊன்றி அறிய வேண்டியது. வழிப்பறியும் கொள்ளையும், இரவில் வீடுடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டிற்கோ பொருள் சேமிக்கும் இடத்திற்கோ தீ வைத்தல் ஆகியவற்றுக்கு நீளும். வெறுந் திருட்டுக்கும் பயிரழிவுக்கும் நீளாது; அத்திருடனால் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேருமென்று நியாயமான அச்சம் இருந்தால் மட்டுமே நீளும். ஆகவே பூட்டிய நெற்களஞ்சியத்தின் கதவை நள்ளிரவில் உடைத்து உள்ளே வந்தவனும், திறந்த களத்துமேட்டில் கிடக்கும் கதிர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனும் சட்டத்தின் கண்ணில் ஒருவரல்லர். இருவரும் திருடுவது ஒரே நெல்தான். இருந்தும் பின்னவனைச் சுட்டுக் கொன்றால் அது பெரும்பாலும் கொலை வழக்காகவே முடியும். தென்னந்தோப்பில் இளநீர் பறிப்பவனைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

அடுத்தபடி கவனிக்க வேண்டியது நேரம். ஆபத்து தொடங்குகையில் உரிமை தொடங்கி, ஆபத்து நீங்குகையில் நீங்குகிறது. பஞ்சாபில் எழுந்த ஜெய் தேவ் வழக்கில் 1962-ஆம் வருஷம் ஸுப்ரீம் கோர்ட்டார் இதைத் தெளிவாக்கினர். நிலத்தை அநுபவித்துவந்த கட்சியாரைக் கிராமத்தார் கும்பலாக வந்து எதிர்த்தனர். அப்போது நிகழ்ந்த கைகலப்பில் நிலத்தார்க்குத் தற்காப்புரிமை உண்டென்று கோர்ட்டார் ஒப்புக்கொண்டனர். ஆனால் கும்பல் சிதறி ஓடத் தொடங்கிய பின் தொலைவில் இருந்தவர்களைச் சுட்டது கொலையே என்று தீர்த்தனர். நிலம் அவர்களுடையதே என்பது அவர்களைக் காக்கவில்லை. முதுகில் பாய்ந்த ரவை, சுட்டவருக்கு எதிரான பெருஞ்சாக்ஷியமாகும்.

இனிச் சுட்டபின் நடப்பவை. துப்பாக்கியும் தோட்டாக்களும் கைப்பற்றப்படும். சுட்டவர் பெரும்பாலும் கைதாவார். கைதானவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்த வேண்டும். கொலைக் குற்றமாகப் பதிவாயின் ஜாமீனுக்கு ஸெஷன்ஸ் கோர்ட்டையோ ஹைகோர்ட்டையோதான் நாடவேண்டியிருக்கும். இவ்வளவும் நிரபராதிக்கும் நேரும். ஏனெனில் தற்காப்பு என்பது விசாரணையில் நிலைநாட்டவேண்டிய எதிர்வாதம். ஸ்டேஷனில் சொன்ன மாத்திரத்தில் வழக்கு மறைந்துவிடாது. அதை ருஜுப்பிக்கும் பாரம் சுட்டவர் மேலது. ஆயினும் ஐயத்திற்கிடமின்றி நாட்ட வேண்டுவதில்லை. நடந்திருக்கக்கூடியது இதுவே என்று கோர்ட்டார்க்குத் தோன்றச் செய்தால் போதும். ஆபத்தில் இருப்பவன் தன் அடியைத் தராசில் நிறுத்து அளக்க முடியாது என்பதையும் நியாயாதிபதிகள் பலகாலும் ஒப்புக்கொண்டிருக்கின்றனர்.

நல்ல வழக்கும் நாள்பட இழுக்கும். தர்ஷன் சிங் வழக்கும் பஞ்சாபின் நிலத்தகராறே. தந்தையின் தலையில் வெட்டு விழக் கண்ட மகன் லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்டான். முதல் கோர்ட்டு விடுதலை செய்தது; ஹைகோர்ட்டு தண்டித்தது; 2010-ஆம் வருஷம் ஜனவரியில் ஸுப்ரீம் கோர்ட்டு மீண்டும் விடுவித்தது.

ஆதலால் முதல் ஒரு மணி நேரத்தில் செய்வது மிக முக்கியம். காயம்பட்டவனுக்கு வைத்திய உதவி தேடுதல், போலீஸாருக்குத் தாமே தகவல் கொடுத்தல், துப்பாக்கியைத் துடைக்காமலும் ஒளிக்காமலும் வைத்தல் ஆகியவை சுட்டவரின் கடமை. விழுந்தவன் கையிலிருந்த அரிவாளோ கடப்பாரையோ விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். அதை எடுத்து மூலையில் சாத்தி வைத்தால், சுட்டவர் தம் சாக்ஷியைத் தாமே அழித்தவராவார். தமக்குப் பட்ட காயத்தை, சிறியதாயினும், ஸர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டிச் சான்று பெறுதல் வேண்டும். பின்னர் வக்கீலின் யோசனையின்றி எதையும் எழுதிக் கையொப்பமிடலாகாது.

மணியக்காரர், கர்ணம் பதவிகள் 1980-இல் நீங்கிவிட்டபோதிலும், கிராம உத்தியோகஸ்தரின் பொறுப்பு நீங்கவில்லை. அகால மரணம் அல்லது சந்தேகத்திற்கிடமான மரணம் நிகழ்ந்தால் அருகிலுள்ள மாஜிஸ்டிரேட்டுக்கோ ஸ்டேஷன் அதிகாரிக்கோ உடனே அறிவிக்க அவர் சட்டப்படி கடமைப்பட்டவர். பிரேத விசாரணை அக்கம்பக்கத்துக் கௌரவஸ்தர் இருவர்க்குக் குறையாமல் வைத்து நடத்தப்படும். அவர்கள் கண்டதை மட்டும் கூறவேண்டும். கொலை வழக்கு ராஜியாகத் தக்கதன்று. பணம் வாங்கிக் கொடுத்து ஊர்ப் பஞ்சாயத்தில் முடித்துவிட்டோம் என்பவர்கள் குற்றத்தை மறைத்தவர்களாக அகப்பட்டுக்கொள்ளக்கூடும்.

லைசென்ஸில்லாத நாட்டுத்துப்பாக்கியால் சுட்டவரின் நிலை இன்னும் பரிதாபமானது. தற்காப்பு முற்றும் ஏற்கப்பட்டாலும் துப்பாக்கி வைத்திருந்த குற்றம் தனியே நிற்கும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி அதற்கு 2 முதல் 5 வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. தம் லைசென்ஸ் துப்பாக்கியைத் தோட்டக்காவற்காரனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உறங்கும் மிராசுதாரும், அவன் பெயர் லைசென்ஸில் சேராதிருப்பின், இதே வலையில் விழலாம்.

காட்டுமிருகங்கள் விஷயத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. 1972-ஆம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டம், தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் மிருகத்தைக் கொல்வதைக் குற்றமாகக் கொள்வதில்லை. கொன்ற மிருகம் ஸர்க்கார் சொத்தாகும். பயிரைக் காப்பது இதில் சேராது. அதற்கு வன அதிகாரியின் உத்தரவு முன்னரே வேண்டும்.

வழக்கில் விடுதலையானவர்க்கும் துப்பாக்கி தானாகத் திரும்பிவிடுவதில்லை. பொது அமைதியை முன்னிட்டு லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்துச் செய்யவோ 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு லைசென்ஸ் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. அவ்வுத்தரவின்மேல் 18-ஆம் பிரிவின்படி அப்பீல் செய்துகொள்ளலாம். குறித்த கெடுவுக்குள் மனுவைத் தாக்கல் செய்தல் வேண்டும்.