பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பழுதின் பாதை – 12

"பேட்டரி போயிடுச்சு தம்பி. மாத்திடலாம், மூவாயிரம் ஆகும்."

லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு இது. கருவியைத் திறக்காமல், மீட்டரைத் தொடாமல், அடாப்டரைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் சொல்லப்படுகிறது. வீட்டில் கேட்டு வாங்கிய மூவாயிரத்தைக் கொடுத்துப் புதுப் பேட்டரி போட்டுக்கொண்டு வந்தால், அதுவும் ஏறாது. பழுது அடாப்டர் ஒயரின் கழுத்தில் இருந்திருக்கும்.

சுவரில் புறப்படும் மின்சாரம் பேட்டரிக்குள் போய்ச் சேருவதற்குள் எத்தனையோ இடம் கடக்கிறது. சுவிட்ச் போர்டு, பவர் கார்டு, அடாப்டர், அதன் ஒயர், முனையில் உள்ள பின், லேப்டாப்பின் ஜாக், உள்ளே போர்டில் சார்ஜிங் ஐசி, அப்புறம்தான் பேட்டரி. எங்கே நின்றது என்று பார்க்காமல் வரிசையில் கடைசியாக இருப்பதை மாற்றுவது காசைக் கரைக்கும் வேலை. ஒரே ஒரு விதிவிலக்கு, உப்பிய பேட்டரி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சுவரில் இருந்தே தொடங்குங்கள். ப்ளக்குக்கும் அடாப்டருக்கும் நடுவே கழற்றி மாட்டும் பவர் கார்டை யாரும் கவனிப்பதில்லை. அது அடாப்டருக்குள் முழுதாக அழுந்தி உட்காராவிட்டால் சார்ஜ் விட்டு விட்டு வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கார்டை ஐந்து நிமிடம் வாங்கி மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 'வோல்டேஜ் கம்மி, அதனால்தான் ஏறவில்லை' என்று ஊர்ப்புறங்களில் சொல்வார்கள். அடாப்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரும்பாலும் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஃபேன் சோர்ந்து சுற்றும் 160 வோல்ட்டிலும் அது தன் வேலையைச் செய்யும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உலோக உடம்பு கொண்ட லேப்டாப்பில் சார்ஜ் போட்டபடி மணிக்கட்டை வைத்தால் சுருசுருவென்று ஷாக் அடிப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை. அடாப்டருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம், எர்த் கிடைக்காமல் உங்கள் கை வழியே இறங்குகிறது. மூன்று பின் ப்ளக்கை எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் செருகியிருப்பீர்கள், இல்லையென்றால் சுவர் சாக்கெட்டுக்கு எர்த் ஒயரே இழுத்திருக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். நாளைக்கு அதே சாக்கெட்டில்தான் கிரைண்டரும் ஓடப்போகிறது.

அடுத்தது அடாப்டர். அதில் சின்ன விளக்கு இருந்தால் அது நிறையச் சொல்லும். வேறு பவர் கார்டு போட்டும் விளக்கு எரியவில்லை என்றால் அடாப்டர்தான் போய்விட்டது. சுவரில் செருகியதும் எரிகிறது, லேப்டாப்பில் நுழைத்த நொடியில் அணைகிறது என்றால் லேப்டாப் பக்கம் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது, அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்துகிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். போர்டு வேலை தெரிந்தவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.

இனி வருவதுதான் அதிகம் பேர் ஏமாறும் இடம். அடாப்டரில் விளக்கு எரிகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் போட்டபடி 19.5 வோல்ட் வருகிறது. லேப்டாப்பும் ஓடுகிறது. பேட்டரி மட்டும் ஏறவில்லை. 'அப்படியானால் பேட்டரிதானே' என்று யாருக்கும் தோன்றும்.

டெல் லேப்டாப்பின் உருளை முனை அடாப்டரை எடுத்து உற்றுப் பாருங்கள். உருளைக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று நிற்கும். உருளையின் உள்சுவரும் வெளிச்சுவரும்தான் மின்சாரத்தைக் கொண்டுபோகின்றன. ஊசியின் வேலை தகவல் சொல்வது. அடாப்டருக்குள் உள்ள ஒரு சிறு சிப்பில் அது 65 வாட்டா, 90 வாட்டா, 130 வாட்டா என்று பதிந்திருக்கும். லேப்டாப்பின் போர்டு அந்த ஊசி வழியாக அதைக் கேட்கிறது. பதில் வந்தால் பேட்டரிக்கு வழி திறக்கிறது. வராவிட்டால், இந்த அடாப்டர் எவ்வளவு சுமை தாங்கும் என்று தெரியாத நிலையில், ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு பேட்டரியை ஏற்ற மறுக்கிறது. கூடவே பிராசசரின் வேகத்தையும் குறைத்துவிடுகிறது.

ஆகவே 'பேட்டரி ஏறல, லேப்டாப்பும் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு' என்று இரண்டு புகாரும் சேர்ந்து வந்தால் முதலில் அந்த ஊசியையும் அதற்குப் போகும் ஒயரையும் சந்தேகியுங்கள். ஆன் செய்யும்போது, அடாப்டரின் வகை தெரியவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை திரையில் வந்து நிற்கும். பலர் ஏதோ ஒரு பட்டனைத் தட்டி அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அதைப் படித்திருந்தால் மூவாயிரம் மிச்சம். பயோஸ் பக்கத்துக்குள் போனாலும் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்டும் வரி இருக்கும்.

எச்பி அடாப்டர்களின் உருளை முனைகளிலும் இப்படி நடு ஊசி உண்டு. லெனோவோவின் மஞ்சள் நிறச் செவ்வக முனையில் இதே வேலையை ஒரு ரெசிஸ்டர் செய்கிறது. மலிவு டூப்ளிகேட் அடாப்டர்கள் பலவற்றில் இந்தத் தகவல் பகுதி ஒழுங்காக இருப்பதில்லை. வோல்ட் சரியாக இருக்கும், முனை சரியாகப் பொருந்தும், பேட்டரி ஏறாது. மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் ஊசியும் உள்சுவரும் மீட்டர் முனையால் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் நன்றாக இருக்கும் சிப்பும் போய்விடும்.

ஒயர் அறுவது பெரும்பாலும் நம் கையால்தான். அடாப்டரைச் சுற்றி ஒயரை இறுக்கிச் சுற்றிப் பைக்குள் திணிக்கிறோம். முனைக்கு அருகே கழுத்து மடிந்து மடிந்து, உள்ளே மிக மெல்லியதாக ஓடும் தகவல் ஒயர் முதலில் அறுகிறது. தளர்வாகச் சுருட்டி வைத்தால் போதும். சோதிக்கும் வழியும் எளிது. ஹாஸ்டலில் அதே கம்பெனி, அதே முனை, அதே அளவோ கூடுதலோ வாட் உள்ள அடாப்டர் யாரிடமாவது இருக்கும். வாங்கிச் செருகுங்கள். ஏறினால் பேட்டரியும் ஜாக்கும் போர்டும் நிரபராதிகள்.

உருளை முனை இனி மெல்ல மறையும். ஐரோப்பிய ஒன்றியம் செல்போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியது. டைப்-சியில் பழைய சோதனை செல்லாது. எதிலும் செருகாத டைப்-சி முனையில் மீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டும், அது பழுது இல்லை. லேப்டாப்பில் செருகிய பிறகே முதலில் 5 வோல்ட் வரும். இரண்டு பக்கமும் பேசி முடித்த பின் 9, 15, 20 என்று உயரும். பேச்சு முறிந்தால் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும், லேப்டாப் அசையாது.

முறிவதற்கு அடிக்கடி காரணம் கேபிள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான், 20 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 60 வாட். அதற்கு மேல் கொண்டுபோக, கேபிளின் முனையிலேயே அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். ஒரு பக்கம் பழைய செவ்வக யூஎஸ்பி, மறுபக்கம் டைப்-சி என்று இருக்கும் செல்போன் கேபிளால் இந்த 20 வோல்ட் பேச்சு நடக்கவே நடக்காது. இரண்டு டைப்-சி ஓட்டை உள்ள லேப்டாப்களில் ஒன்றுதான் சார்ஜ் ஏற்கும் என்றும் இருக்கலாம். பக்கத்தில் ப்ளக் அல்லது பேட்டரிச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டைக்குள் பஞ்சு சேர்ந்திருந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். சார்ஜிங்கை மேற்பார்க்கும் கன்ட்ரோலர் சிக்கிக்கொண்டிருந்தால் விடுபடும். பேட்டரியைத் தனியே கழற்ற முடிகிற பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் ஆண்டுகளில் வந்தவை பல அப்படிப்பட்டவைதான், இன்றும் சில வீடுகளில் ஓடுகின்றன. பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள். தடையில்லாமல் ஓடினால் ஜாக் வரைக்கும் மின்சாரம் வந்து சேருகிறது.

60 சதவீதத்திலோ 80 சதவீதத்திலோ நின்றுவிடுகிறது என்பவர்கள் கடைக்கே போக வேண்டாம். பேட்டரியின் ஆயுளைக் காக்க லெனோவோ, ஏசுஸ், டெல், எச்பி எல்லோருமே அப்படி ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். யாரோ ஆன் செய்திருப்பார்கள். எப்போதும் மேஜையில் செருகியே வேலை பார்ப்பவராக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடச் சொல்வேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு பேட்டரியிடம் வரலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் இரண்டு எண் முக்கியம். பேட்டரி புதிதாக வந்தபோது இருந்த கொள்ளளவு ஒன்று, இன்று முழுதாக ஏற்றினால் பிடிக்கும் அளவு மற்றொன்று. 42,000 இருந்தது 25,200 ஆகியிருந்தால் 60 சதவீதம் மிச்சம். அது தேய்ந்த பேட்டரி, செத்த பேட்டரி இல்லை. பாதிக்கும் கீழே இறங்கி, வகுப்பில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் அப்போது மாற்றுங்கள். முப்பது சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணைந்தால், ஒருமுறை முழுதாக ஏற்றி, தானே அணையும்வரை ஓட்டி, மறுபடி முழுதாக ஏற்றுங்கள். அளவு காட்டும் சிப்பின் கணக்கு தவறியிருந்தால் சரியாகிவிடும். மறுபடியும் அணைந்தால் செல்கள் தளர்ந்துவிட்டன.

இதை மாதாமாதம் செய்ய வேண்டியதில்லை. பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்ற அறிவுரை நிக்கல் பேட்டரிக் காலத்தது. 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் வேறு சாதி. அதைத் தினமும் பூஜ்யத்துக்கு இறக்குவது கெடுதல். அதைவிடக் கெடுதல் வெப்பம். பேட்டரிச் சோதனைக் கருவிகள் செய்யும் கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட கணக்கு ஒன்று: முழு சார்ஜில் 25 டிகிரியில் ஓர் ஆண்டு சும்மா வைத்திருந்த பேட்டரிக்கு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே முழு சார்ஜில் 40 டிகிரி என்றால் 65தான். 40 சதவீத சார்ஜில் வைத்திருந்தால் அந்த 40 டிகிரியிலும் 85 மிஞ்சும். நம் ஊர் மே மாதத்தில் மெத்தைமேல் வைத்து, காற்றுத் துளையை அடைத்து, நாள் முழுக்க 100 சதவீதத்தில் செருகியே வைத்திருப்பது என்ன செய்யும் என்பதை இந்த எண்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் பேட்டரி வாங்கத்தான் வேண்டும் என்றால் லேபிளைப் படியுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, ஐஎஸ் 16046 என்ற எண், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணை அடித்தால் யாருக்குக் கொடுத்த எண் என்று தெரியும். கடையிலேயே நின்று பாருங்கள். பழைய பேக்கைப் பிரித்துச் செல் மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

உப்பிய பேட்டரிக்கு வருகிறேன். டச்பேட் மேலெழும்பியிருக்கும், அல்லது அதன் கிளிக் அழுந்தாது. மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடும், மூடி சரியாக மூடாது. உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்துவிட்டது. இங்கே சோதனை எதுவும் வேண்டாம். அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், வாயுவை வெளியேற்றலாம் என்று குத்திவிடாதீர்கள். துணி, காகிதம் இல்லாத டைல்ஸ் தரையில் வைத்து அன்றே பழுதுபார்ப்பவரிடம் சேருங்கள். பெரிய கம்பெனிப் பொருள் என்று அசட்டையாக இருக்க முடியாது. 2006இல் டெல் நிறுவனம் சோனி செல் வைத்த 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது, செல்லுக்குள் புகுந்த நுண்ணிய உலோகத் துகள்களால். 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையில் விற்ற சில 15 அங்குல மேக்புக் ப்ரோக்களை ஆப்பிள் 2019இல் பேட்டரி மாற்றத் திரும்ப அழைத்தது. அந்தக் கருவிகளோடு விமானம் ஏற வேண்டாம் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் அந்த ஆகஸ்டில் சொன்னது.

கழற்றிய பேட்டரியைத் தெருக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பற்றும், அருகில் நிற்பவர் தூய்மைப் பணியாளர். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்தி முடித்த பேட்டரியைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியதை வாங்கும் இடத்திலேயே பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

(தொடரும்)