ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு வைட் லென்ஸ்: கட்டுப்படியாகும் விலையில் எதை வாங்கலாம்?

ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கியவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் ஒரு வைட் ஆங்கிள் லென்ஸுக்குத்தான். விலையைக் கேட்டதும் அந்த ஆசை தயங்கி நின்றுவிடும். கேனன் நிறுவனத்தின் ஆர்எஃப் 15-35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 2019-இல் அமெரிக்காவில் 2,299 டாலருக்கு அறிமுகமானது. அதே நிறுவனம் 2021-இல் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை 299 டாலருக்குக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே சென்சாருக்கானவை. இரண்டும் எஃப் 2.8 வரை திறக்கும்.

நடுவில் உள்ள 2,000 டாலர் எதற்கு? ஜூம் வசதி, மழை-தூசித் தடுப்பு, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு, முழுதாகத் திறந்தாலும் மூலைவரை நிற்கும் கூர்மை ஆகியவற்றுக்கு. இவற்றில் எது உங்கள் வேலைக்கு வேண்டும், எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், சின்ன பட்ஜெட்டிலும் நிறைவான லென்ஸ் கிடைக்கும்.

முதலில் அகலத்தைக் கணக்கிடுங்கள்

"எந்த லென்ஸ் நல்லது?" என்று கேட்பதற்கு முன் "எனக்கு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?" என்று கேளுங்கள். இதற்கு எளிய கணக்கு உண்டு. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. நீங்கள் நிற்கும் தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் ஃபோகல் லென்த்தால் வகுத்தால், படத்தில் எவ்வளவு அகலம் அடங்கும் என்று தெரிந்துவிடும்.

பத்தடி தூரத்திலிருந்து ஒரு சுவரைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். 35 மி.மீ. லென்ஸில் சுமார் 10 அடி அகலம் வரும். 28-இல் சுமார் 13 அடி, 24-இல் 15 அடி, 20-இல் 18 அடி, 16-இல் 22 அடிக்கு மேல் வரும். 28-க்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் நான்கு மில்லிமீட்டர்தான் குறைகிறது. ஆனால் கீழே போகப் போக அகலம் எட்டி எட்டித் தாண்டுகிறது. அதனால்தான் டெலி லென்ஸில் யாரும் கண்டுகொள்ளாத 4 மி.மீ. வித்தியாசம் வைட் லென்ஸில் வேறொரு லென்ஸாகவே ஆகிவிடுகிறது.

உயரமான கட்டடங்களுக்கும் இதே கணக்குதான். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மேலே அண்ணாத்தாமல் நேராகப் பிடித்தால், கட்டடத்தின் உயரத்தை ஃபோகல் லென்த்தால் பெருக்கி 18-ஆல் வகுத்த தூரத்தில் நிற்க வேண்டும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. 24 மி.மீ. லென்ஸில் அதை நேராக எடுக்க ஏறத்தாழ 225 அடி பின்னால் போக வேண்டும். 16-இல் 150 அடி போதும். அந்த 75 அடிக்குள் மின்கம்பியும் கடைப்பலகையும் குறுக்கிடுமா, இல்லையா என்பதைப் பொறுத்தே உங்களுக்கு 16 வேண்டுமா, 24 போதுமா என்று சொல்ல முடியும்.

கையில் ஏற்கெனவே 24-70 அல்லது 24-105 ஜூம் இருந்தால், ஒரு மாதம் அதன் 24 மி.மீ. முனையிலேயே படமெடுத்துப் பாருங்கள். பின்னால் நகர இடமில்லாமல் எத்தனை முறை தவித்தீர்கள் என்று கவனியுங்கள். அடிக்கடி தவித்தால் 16 முதல் 20 வரை உள்ள லென்ஸைத் தேடலாம். எப்போதாவதுதான் என்றால், இரண்டு மூன்று படங்களை அருகருகே எடுத்து மென்பொருளில் இணைத்துவிடலாம். அதற்குச் செலவே இல்லை.

அகலத்துக்கும் ஓர் எல்லை உண்டு

கூடுதல் அகலம் கூடுதல் நன்மை என்று நினைத்துப் பலர் நேராக 14 மி.மீ.க்குப் போய்விடுகிறார்கள். கல்யாணக் குரூப் ஃபோட்டோவை அதில் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் மாமாவும் சித்தியும் பருத்துப் போயிருப்பார்கள். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸிலும் ஓரப் பகுதி இழுபடத்தான் செய்யும். ஒரு முகத்தைப் படத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் வைத்தால், 35 மி.மீ. லென்ஸில் அது சுமார் 12 சதவீதம் அகன்று தெரியும். 24-இல் 25 சதவீதம். 16-இல் 50 சதவீதம். இது வடிவியல் விதி. இரண்டு லட்சம் ரூபாய் லென்ஸும் இதை மாற்றாது. ஆகவே மனிதர்களை அதிகம் எடுப்பவர்களுக்கு 28 அல்லது 35 போதும். கட்டடம், அறை, நிலக்காட்சி, இரவு வானம் எடுப்பவர்களுக்கு 20, 16 என்று இறங்கலாம்.

வைட் லென்ஸில் இன்னொன்றும் நடக்கும். தூரத்து மலை சிறுத்துப் போகும். காலடியில் உள்ள தரை படத்தின் பாதியை நிறைக்கும். முன்புறத்தில் ஒரு பாறையோ படகோ கோலமோ இல்லாவிட்டால் படம் வெறிச்சென்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டு லென்ஸ் சரியில்லை என்று விற்றுவிடுபவர்கள் உண்டு. ஓரடி தூரத்துக்கு நெருங்கிப் போய் எடுத்தால் அதே லென்ஸ் அசத்தும்.

எஃப் எண்ணுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வைட் லென்ஸின் விலையை ஏற்றுவதில் அபர்ச்சருக்குப் பெரிய பங்கு உண்டு. எஃப் 4-ஐ விட எஃப் 2.8 இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 2.8-ஐ விட எஃப் 1.8 சுமார் இரண்டரை மடங்கு. இந்த வெளிச்சம் உண்மையில் தேவைப்படுவது இரண்டு இடங்களில்: நட்சத்திரங்களை எடுக்கும்போதும், மங்கிய வெளிச்சத்தில் அசையும் மனிதர்களை எடுக்கும்போதும்.

நிலக்காட்சிக்கும் கட்டடத்துக்கும் எஃப் 8 அல்லது 11-இல்தான் எடுக்கப்போகிறீர்கள். 16 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, சுமார் ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், அரை மீட்டர் சொச்சத்திலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். இந்த அபர்ச்சரில் விலை குறைந்த லென்ஸுக்கும் உயர்ந்த லென்ஸுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். முழுதாகத் திறக்கும்போது குழைந்துபோகும் மூலைகள் எஃப் 8-இல் தெளிந்துவிடுகின்றன. டிரைபாடில் வைத்து எடுப்பவருக்குக் கை நடுக்கத் தடுப்பும் தேவையில்லை. ஆக, பகலில் இடங்களை எடுப்பவர் பெரிய அபர்ச்சருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்ல டிரைபாட் வாங்கலாம்.

எந்த மவுண்டுக்கு எது?

கேனன் ஆர் வரிசை வைத்திருப்பவர்களுக்கு முதல் தேர்வு மேலே சொன்ன ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8. எடை 165 கிராம். திருத்தாத ரா படத்தில் கோடுகள் பீப்பாய் போல வளைந்திருக்கும், மூலைகள் கறுத்திருக்கும். கேமராவும் மென்பொருளும் அதைச் சரிசெய்துவிடும்; அந்தத் திருத்தத்தில் மூலைகள் கொஞ்சம் கூர்மை இழக்கும். இதை ஏற்றுக்கொள்ள முடிந்தால், இந்த விலைக்கு இவ்வளவு அகலம் கேனனில் வேறு எளிதில் கிடைக்காது. ஜூம் வேண்டுமென்றால் 2022-இல் வந்த ஆர்எஃப் 15-30 மி.மீ. எஃப் 4.5-6.3 இருக்கிறது, இதில் கை நடுக்கத் தடுப்பும் உண்டு. தெருப்படங்களுக்கு 120 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 28 மி.மீ. எஃப் 2.8 அருமையான துணை. பழைய இஎஃப் லென்ஸ்கள் கேனனின் அடாப்டர் வழியாக ஆட்டோ ஃபோகஸோடு முழுமையாக வேலை செய்யும் என்பதால், 2003-இல் வந்த இஎஃப் 17-40 மி.மீ. எஃப் 4 எல் லென்ஸையும் செகண்ட் ஹேண்டில் தேடலாம். எஃப் 4-இல் அதன் மூலைகள் சுமார்தான். எஃப் 11-இல் நிலக்காட்சிக்குத் தாராளமாகப் போதும்.

நிகான் இசட் வரிசையில் 28 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் எடை குறைந்தது, விலையும் அடக்கமானது. அதைவிட அகலம் வேண்டுவோருக்கு 14-30 மி.மீ. எஃப் 4. இது மலிவு லென்ஸ் அல்ல. ஆனால் 14 மி.மீ. வரை போயும் முன்புறம் 82 மி.மீ. சாதாரண ஃபில்டரை மாட்ட முடிவது இதன் பெரிய வசதி. செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விடாதீர்கள். பழைய எஃப் மவுண்ட் லென்ஸ்களில் 2013-இல் வந்த ஏஎஃப்-எஸ் 18-35 மி.மீ. எஃப் 3.5-4.5 ஜி வெறும் 385 கிராம். எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். அதற்கு முந்தைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது; எஃப்டிஇசட் அடாப்டரில் அவற்றைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

சோனி இ மவுண்ட்டில்தான் தேர்வுகள் அதிகம், காரணம் வெளி நிறுவனங்கள். டாம்ரான் 17-28 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 420 கிராம் எடையில் எஃப் 2.8 ஜூம் தருகிறது. டாம்ரானின் 20 மி.மீ. எஃப் 2.8 பதினொரு சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். பூவையும் பின்னாலுள்ள வயலையும் சேர்த்து எடுக்க இதுபோல விலை குறைந்த லென்ஸ் அரிது. ஆட்டோ ஃபோகஸ் மட்டும் சற்று மெதுவாக நகரும். சாம்யாங் 18 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 150 கிராமைக்கூடத் தொடாது. வில்ட்ராக்ஸ் 20 மி.மீ. எஃப் 2.8 சோனிக்கும் நிகான் இசட்டுக்கும் கிடைக்கிறது. புதிய ஆட்டோ ஃபோகஸ் வைட் லென்ஸ்களில் மிகக் குறைந்த விலையுள்ளவற்றில் இதுவும் ஒன்று.

இரவு வானம் எடுப்பவர்களுக்குப் பல மவுண்டுகளில் கிடைக்கும் சாம்யாங் 14 மி.மீ. எஃப் 2.8 மேனுவல் லென்ஸ் பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வருகிறது. நட்சத்திரத்துக்கு எப்படியும் கையால்தான் ஃபோகஸ் செய்யப்போகிறோம், ஆகவே ஆட்டோ ஃபோகஸ் இல்லாதது குறையே இல்லை. கட்டடத்துக்கு இது சரிவராது. நேர்கோடுகள் மீசைபோல நெளியும், மென்பொருளில் திருத்தத் தனி புரொஃபைல் வேண்டும். முன் கண்ணாடி குமிழ்போலப் புடைத்திருப்பதால் சாதாரண ஃபில்டரும் ஏறாது.

செகண்ட் ஹேண்ட் என்றால் கையோடு சோதியுங்கள்

வைட் லென்ஸை வெளியிலிருந்து பார்த்து மதிப்பிட முடியாது. கீழே விழுந்த லென்ஸின் உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு பொருளை, உதாரணமாக எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் கம்பியையோ டவரையோ தேர்ந்தெடுங்கள். மேனுவலில் ஒருமுறை அதன்மேல் ஃபோகஸ் செய்துவிட்டு, வளையத்தைத் தொடாமல், அதே பொருள் நான்கு மூலைகளிலும் வரும்படி நான்கு படங்கள் எடுங்கள். முதலில் முழு அபர்ச்சரில், பிறகு எஃப் 8-இல். எல்லா மூலையும் ஒரே அளவில் மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று மூலை தெளிவாக இருந்து ஒன்று மட்டும் எஃப் 8-இலும் மங்கினால் அந்த லென்ஸை வாங்காதீர்கள்.

அடுத்தது பூஞ்சை. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பயன்படுத்திய லென்ஸ் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியே உற்றுப் பாருங்கள். சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நாலைந்து தூசிக்கெல்லாம் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது. வாங்கிய பின் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பணம் வீணாகும் இடங்கள்

சிறிய சென்சாருக்கான லென்ஸைத் தெரியாமல் வாங்குவதுதான் முதல் ஆபத்து. கேனனில் இஎஃப்-எஸ், ஆர்எஃப்-எஸ் என்றும், நிகானில் டிஎக்ஸ் என்றும், சிக்மாவில் டிசி என்றும் போட்டிருந்தால் அது ஃபுல் ஃபிரேமுக்கானது அல்ல. மாட்ட முடிந்தாலும் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும்; 24 மெகாபிக்ஸல் படம் சுமார் 10 மெகாபிக்ஸலாகச் சுருங்கும். வாங்கப்போன அகலமும் போய்விடும்.

இரண்டாவது, லென்ஸ் முன்னால் திருகும் வைட் கன்வர்ட்டர்கள். இவற்றில் சல்லிசானவை படத்தின் ஓரங்களைக் குழப்பிவிடும். மூன்றாவது, போலரைசர் ஃபில்டர். 24-க்குக் கீழே நீல வானத்தில் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் பட்டை விழும். வானத்துக்காக இதை வாங்கத் தேவையில்லை; நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைக்க வேண்டுமென்றால் வாங்கலாம். ஃபில்டர் விலை அளவோடு ஏறும் என்பதால் 43 மி.மீ. ஃபில்டர் மாட்டும் லென்ஸுக்கும் 82 மி.மீ. ஃபில்டர் மாட்டும் லென்ஸுக்கும் இதிலேயே கணிசமான வித்தியாசம் வரும்; பட்ஜெட்டில் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முடிவாக

குடும்பம், தெரு, பயணம் என்று மனிதர்களைச் சுற்றி உங்கள் படங்கள் அமைந்தால், உங்கள் மவுண்டில் உள்ள விலை குறைந்த 28 மி.மீ. லென்ஸை வாங்குங்கள். அறை, கட்டடம், நிலக்காட்சி என்றால் 16 முதல் 20 வரை உள்ள சிறிய பிரைம் ஒன்றோ, செகண்ட் ஹேண்ட் எஃப் 4 ஜூம் ஒன்றோ போதும். வானம்தான் பிரதானம் என்றால் மேனுவல் 14. எதை எடுப்பது என்று இன்னும் உறுதியாகத் தெரியாதவர் 20 மி.மீ. எஃப் 2.8-இல் தொடங்கலாம், 24-ஐ விட அகலம் தெளிவாகக் கூடும், ஓரத்து முகங்களும் 16 அளவுக்குச் சிதையாது, விற்க நேர்ந்தாலும் இழப்பு சிறிதாகவே இருக்கும். வாங்கிய பிறகு சில மாதங்களாவது அந்த ஒரே லென்ஸோடு வெளியே போங்கள். வைட் லென்ஸில் நல்ல படம் வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் நீங்கள் எவ்வளவு நெருங்கி நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பழக்கம் பிடிபட்டவருக்கு விலை குறைந்த லென்ஸே பல ஆண்டுகள் உழைக்கும்.